கித்தேரியம்மாளின் கணவர்

வில்பட்டி
12.4.1980

பிளம்சு,

மனுவேல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபமாக இருக்கிறவள் முழுப் பெயரைத்தானே எழுத வேண்டும்? பேனா கேட்கவில்லை. மே மாதம் பிளம்ஸ் சிவக்கிற நேரத்தில் அதே நிறத்தில் பிறந்தவன் நீ. முப்பத்தேழு வயசு ஆகப்போகிறது, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன், ரயில்வேயில் ஃபிட்டர். இருந்தாலும் எனக்கு நீ பிளம்சுதான்.

அம்மாவின் முப்பதாம் நாள் பூசை முடிந்து நீ பஸ் ஏறி நாலு வாரம் ஆகிறது. தின்சுகியா போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு கார்டு இல்லை. கல்லறைத் தோட்டத்தில், சாமியார் காதில் விழுகிற மாதிரி, "ஒனக்கு நெஞ்சு இருக்கிற எடத்துல கல்லுதேன் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாயே, அதை நினைத்துக்கொண்டுதான் தினமும் பூண்டுக்குக் களை எடுக்கிறேன். வேலை வேகமாகத்தான் நடக்கிறது.

நான் என்ன சொல்லிவிட்டேன்? அம்மாவுக்கு வைக்கிற சிலுவையில் அப்பா பெயர் வேண்டாம் என்றேன். அவ்வளவுதான். தெரசம்மாள், மனுவேல் இவர்களின் தாய் கித்தேரியம்மாள் என்று போட்டால் போதாதா? பெற்றவள் அவள். வளர்த்தவளும் அவள்.

நாற்பத்திரண்டில் சண்டைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அடுக்கம் மலைப்பாதை வழியாக இறங்கிப் போன மனிதர் திரும்பி வரவில்லை. நாற்பத்தாறில் பட்டாளத்திலிருந்து வந்த சின்னச்சாமி மாமா, "பரமானந்தம் அசாம்லயே வேற குடித்தனம் வச்சுட்டான்" என்று சொன்னார். அன்றைக்கு ஆரம்பித்தது. குழாயடியில் அம்மா குடத்தை வைத்ததும் ஒருத்தி கேட்பாள், "என்னா கித்தேரி, ஒம் மாப்பிள்ள அசாம் பொண்டாட்டிக்கு டீத்தழ கிள்ளிப் போடுறாராமே?" இன்னொருத்தி, "அங்கன பொம்பளைக குட்டையா இருப்பாகளாமே, குனிஞ்சு பேசிப் பேசி முதுகு வலிக்காதா அவருக்கு?" என்பாள். அம்மா குடம் நிறையும்வரை நின்று, தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். நீ அப்போது மெழுகுவத்தியில் விரலைச் சுட்டுக்கொண்டு ஊரைக் கூட்டுகிற பயல். கூட நின்று கேட்டவள் நான். அந்த மனிதரின் பெயரை அவள் தலைமாட்டில் எழுதிவைத்துக் கும்பிட எனக்கு மனசு வரவில்லை.

குருநாதன் கொத்தனார் கேட்டுக்கொண்டே இருக்கிறார். சிமெண்டுச் சிலுவை அச்சில் ஊற்றி, ஈரம் காய்வதற்குள் ஆணியால் பெயர் எழுத வேண்டுமாம். காய்ந்துவிட்டால் சேர்க்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. "அக்காளும் தம்பியும் ஒரு முடிவுக்கு வாங்கம்மா, பெறவு சிலுவையில நின்னு சண்டை போடாதீங்க" என்கிறார். நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாளுக்குள் வைத்தாக வேண்டும்.

பூண்டு இந்தத் தடவை நல்ல விளைச்சல். உருளைக்கிழங்கில் கொஞ்சம் கருப்பு விழுந்திருக்கிறது. பள்ளிக்கூடத்து லாண்டரியில் எனக்கு இஸ்திரிப் பக்கம் வேலை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். குளிருக்கு அது சொர்க்கம். உன் மச்சானுக்கு ஒரு குறையும் இல்லை. காய்கறி லாரியில் மூட்டைமேல் படுத்துக்கொண்டு பாட்டுப் பாடுவதை வேலை என்று சொல்லிக்கொண்டு இருக்கிறார்.

சொல்ல மறந்தேன். அம்மாவின் சலேத் மாதா படத்தைத் துடைக்க இறக்கினேன். பின்னட்டைக்குள் ஒரு பழைய கார்டு இருந்தது. பட்டாளத்துக் கார்டு. நான் வாசிக்கவில்லை.

தெரசம்மாள்


தின்சுகியா
6.5.1980

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. இங்கே பந்த் மேல் பந்த். ரயில் ஓடினால் தபால் வரும், தபால் வந்தால் பிரிக்க ஆள் வரமாட்டான்.

கல் என்று சொன்னது தப்பு. ஆறு நாள் ரயிலில் உட்கார்ந்து வந்து, மூடின குழியைப் பார்த்தவன் பேசிய பேச்சு அது. அம்மா முகத்தை நீ பார்த்தாய். நான் பார்த்தது மண். அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் உன்மேல் காட்டிவிட்டேன். என் வீட்டுக்காரி ஜோசப்பின் தினமும் ஒருமுறை என்னைத் திட்டுகிறாள். உன் பக்கம்தான் அவள்.

ஆனால் பெயர் விஷயத்தில் நான் மாறவில்லை. நீ அவரைப் பார்த்திருக்கிறாய். கோபப்படவாவது உனக்கு ஒரு முகம் இருக்கிறது. எனக்கு அதுவும் கிடையாது. எங்கேயாவது ஓர் இடத்தில் அவர் பெயரை எழுதிப் பார்த்தால்தான் அப்படி ஒருவர் இருந்தார் என்று எனக்கு நம்பிக்கை வரும்.

அப்புறம், பூண்டைப் பற்றி எழுதுகிறாய், லாண்டரியைப் பற்றி எழுதுகிறாய். கார்டு கிடைத்ததைக் கடைசியில், சொல்ல மறந்தேன் என்று எழுதுகிறாய்! அக்கா, அதில் இருப்பதை எல்லாம், முத்திரை, எண், கோழி கிண்டின மாதிரி இங்கிலீஷ் எழுத்து இருந்தால் அது உட்பட, ஒன்று விடாமல் பார்த்து எழுதி அனுப்பு. கார்டை அனுப்பாதே. வழியில் தொலைந்துவிடும்.

உன் தம்பி
மனுவேல்


வில்பட்டி
1.6.1980

பிளம்சு,

எழுதியிருக்கிறேன். சிரிக்காதே. இங்கிலீசு எழுத்து எனக்குக் கோலம் மாதிரி. புள்ளி வைத்து இழுப்பதுபோல இழுத்திருக்கிறேன். உன் மச்சான் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் கொக்கிய விட்டுட்ட, அந்த வால விட்டுட்ட" என்று உயிரை எடுத்துவிட்டார். தனித் தாளில் இருப்பது அதுதான். ஊர்ப் பெயர் எங்கேயும் இல்லை. எண்கள்தான் இருக்கின்றன.

தமிழில் இருப்பது இது. கையெழுத்து அவருடையது இல்லை. அவருக்கு எழுதத் தெரியாது, யாரோ கூட இருந்தவர் எழுதிக்கொடுத்திருக்கிறார்.

"20 ஜூன் 1944. கித்தேரிக்கு. பையனுக்கு மனுவேல் என்று பெயர் வைத்த செய்தி வந்தது. சந்தோஷம். தெரசா பள்ளிக்கூடம் போகட்டும், நிறுத்தாதே. இங்கே மழை விடவில்லை. ரோட்டு வேலை. பத்து நாளாகக் காய்ச்சல். பயப்பட ஒன்றும் இல்லை. விட்டதும் லீவு கேட்பேன். கிறிஸ்துமசுக்கு வந்துவிடுவேன். மிஸ்ஸியம்மா பங்களாவில் வாசல் பேரி மரத்துக்கு இந்த வருசம் கிளை வெட்டிக் கவாத்துப் பண்ணாமல் விட்டால் அடுத்த வருசம் காய்க்காது என்று சொல். பரமானந்தம்."

அவ்வளவுதான்.

உன் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை எழுதும்போது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. உனக்கு எப்படி இருக்கும் என்று தெரியவில்லை. என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தாதே என்று எழுதினாரே, மூன்றாம் வகுப்போடு நின்றேன். அவர் வந்திருந்தால் நின்றிருப்பேனா? கிறிஸ்துமசுக்கு வருவேன் என்றார். முப்பத்தாறு கிறிஸ்துமஸ் போய்விட்டது. இந்தக் கார்டை வைத்துக்கொண்டு அம்மா எத்தனை கிறிஸ்துமசுக்கு வாசலைப் பார்த்தாளோ என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் கூடுகிறது. தாலியைக் கழற்றாமலேயே போய்ச் சேர்ந்தாளே.

அவர் போன காலை எனக்கு நினைவிருக்கிறது. எனக்கு ஏழு வயசு. அடுக்கம் பாதையில் இரண்டாவது திருப்பம்வரை கூடப் போனேன். தோளில், அவர் தோட்டம் பார்த்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா கொடுத்த சாம்பல் கம்பளி. "வெரசாத் திரும்பிப் போ தாயி, மஞ்சு எறங்கிரும்" என்றார். மஞ்சு இறங்கவில்லை. நல்ல வெயில். அதனால் அவர் முதுகு வெகுதூரம் வரைக்கும் தெரிந்தது. அவர் திரும்பிப் பார்த்தாரா என்று கேட்காதே. பார்க்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் கோபம்.

குருநாதன் அச்சு அடித்து வைத்துவிட்டார். சிமெண்டு ஊற்றவில்லை. மழை முடியட்டும் என்று சொல்லி நாள் கடத்துகிறேன்.

தெரசம்மாள்


தின்சுகியா
17.8.1980

அக்கா,

இதை மச்சானை வாசிக்கச் சொல்லாதே. நீயே வாசி. உட்கார்ந்துகொண்டு வாசி.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நான் ஏன் அசாமுக்கு மாற்றல் கேட்டு வந்தேன் என்று நீ பத்துத் தடவை கேட்டிருக்கிறாய். சம்பளம், குவார்ட்டர்ஸ் என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கிறேன். உண்மை அதில்லை. அவரைத் தேடித்தான் வந்தேன். சின்னச்சாமி மாமா சொன்ன அந்தக் குடித்தனத்தைத் தேடி. பதின்மூன்று வருசமாக ஞாயிற்றுக்கிழமை சந்தையில் தமிழ் முகமாக ஒரு கிழவர் தெரிந்தால் பின்னாலேயே போயிருக்கிறேன். மார்கரீட்டாவில் ஒருவர் பின்னால் இரண்டு மைல் நடந்தேன். அவர் திரும்பி, என்ன தம்பி வேணும் என்று தெலுங்கில் கேட்டார். பார்த்தால் என்ன பேசுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். முதலில் ஒரு அறை. அப்புறம் காப்பி.

நீ வரைந்து அனுப்பின கோலத்தை எங்கள் ஷெட்டில் ஸ்டோர் பார்க்கும் பழைய பட்டாளத்துக்காரர் ஒருவரிடம் காட்டினேன். "இது பயனியர் படை ஆளோட நம்பர். சண்டையில பர்மாவுக்கு லீடோ ரோடு போட்டவங்க. காய்ச்சல்ல நெறைய பேர் போனாங்க" என்றார். போனாங்க என்றால் எங்கே என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, டிக்பாயில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது, போய்ப் பார் என்றார். அக்கா, சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சொல்கிற வரைக்கும் கல்லறையில் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. டிக்பாய் இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அந்த வாசலை எத்தனையோ முறை தாண்டியிருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் கல்லறை என்று நினைத்தேன்.

சுதந்திர தினத்தன்று லீவில் போனேன். சின்ன இடம்தான். புல்லை மழித்துவிட்ட மாதிரி வெட்டி, வரிசை வரிசையாகக் கல். ஒவ்வொரு கல்லுக்குப் பக்கத்திலும் ஏதாவது ஒரு பூச்செடி. ஒரு நேபாளித் தோட்டக்காரர் மண்டி போட்டுக் கல்லோரத்துப் புல்லைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். யாரைத் தேடுகிறாய் என்று இந்தியில் கேட்டார். அப்பாவை என்றேன். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, வாசலில் ஒரு பெட்டியில் இருந்த புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். புதைத்தவர்கள் பெயரெல்லாம் அதில் அச்சாகியிருக்கிறது.

பார்த்தபடியே தமிழில் எழுதுகிறேன்:

பரமானந்தம். பயனியர். இந்தியப் பயனியர் படை. 1944 ஜூலை 9. வயது 33. கித்தேரியம்மாளின் கணவர், வில்லோ காட்டேஜ், கோடைக்கானல்.

கார்டு எழுதிப் பத்தொன்பதாம் நாள், அக்கா. கார்டு உங்கள் கைக்கு வந்தபோது அவர் இருந்தாரோ என்னவோ.

எண் நீ வரைந்த அதே எண். கொக்கி, வால் எல்லாம் சரியாக இருந்தது. மச்சானிடம் சொல்.

வேறு பொண்டாட்டி இல்லை. வேறு குடித்தனம் இல்லை. அம்மா பெயர் முப்பத்தாறு வருசமாக இங்கே ஒரு புத்தகத்தில் இருந்திருக்கிறது. அவர் யார் என்று கேட்டதற்குப் பட்டாளத்துக்காரனிடம் அவர் சொன்ன பதில் அது ஒன்றுதான்: கித்தேரியம்மாளின் கணவர்.

அவர் கல்லுக்குப் பக்கத்தில் இருந்தது ரோஜாச் செடி. சிவப்பு. கவாத்து நன்றாகப் பண்ணியிருக்கிறார்கள்.

மனுவேல்


வில்பட்டி
7.9.1980

பிளம்சு,

மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு ஒரு பையனின் சட்டையைத் தீய்த்துவிட்டேன். நான்காம் நாள் உன் மச்சான், "ஏன் தெரசா, பூண்டு வித்த மொகம் மாதிரியும் இல்ல, பூண்டு அழுகுன மொகம் மாதிரியும் இல்ல, என்னா சேதி?" என்றார். உன் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். நீ கொடுக்காதே என்றாய், கொடுத்துவிட்டேன். வாசித்துவிட்டு மனிதர் லாரிக்குப் போகவில்லை. பகலெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்து எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். நாலு தடவை. வாயில் வைக்க முடியாத காப்பி.

வில்லோ காட்டேஜ் என்று வாசித்ததும்தான் எனக்கு விளங்கியது. அது மிஸ்ஸியம்மாவின் பங்களா. அதன் தோட்டக் குடிசையில்தானே நாம் இருந்தோம். குடிசைக்கு ஏதுடா பெயர்? கோடைக்கானலில் பங்களாக்களுக்குத்தான் பெயர். எந்த வீடு என்று கேட்டிருப்பார்கள், தான் தண்ணி ஊற்றின வீட்டின் பெயரை இவர் சொல்லிவிட்டார். அந்த நாற்பத்துநாலு ஜூலை கடைசியில் மிஸ்ஸியம்மா சீமைக்குப் போய்விட்டார்கள், அம்மா நம் இருவரையும் கூட்டிக்கொண்டு வில்பட்டிக்கு வந்துவிட்டாள். சாவுத் தபால் பூட்டின கேட்டுக்குத்தான் போயிருக்கும். போன புதன்கிழமை போய்ப் பார்த்தேன். இப்போது அது ஒரு லாட்ஜ். பெயரும் மாறிவிட்டது. வாசல் பேரி மரம் இருக்கிறது. காய்த்துக் கிடக்கிறது. யார் கவாத்துப் பண்ணினார்களோ.

அங்கிருந்து நேராகச் சின்னச்சாமி மாமா வீட்டுக்குப் போனேன். வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். எழுபது தாண்டிவிட்டது. கண் பாதிதான் தெரிகிறது, வாய் முழுசாகத் தெரிகிறது.

"வாத்தா தெரசா. அம்மா செத்த பெறகு இந்தப் பக்கமே காணாமே."

"மாமா, எங்க அப்பா அசாம்ல குடித்தனம் வச்சாருன்னு சொன்னீகளே, அந்தப் பொம்பள பேரு என்னா?"

அவர் கை நிற்கவில்லை. இரண்டு பல்லு உரித்துப் போட்டார்.

"பேரா? பொய்க்குப் பேரு வேற வைக்கணுமாத்தா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் உரித்த பூண்டுக் கூடையைக் காலால் எத்திவிட்டேன். வாசல் முழுக்க வெள்ளை வெள்ளையாய் ஓடியது. அவர் கோபப்படவில்லை. "எத்து, எத்து. முப்பது வருசம் முந்தியே எத்தியிருக்கணும்" என்றார்.

பிறகு சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் வேற கம்பெனித்தா. லீடோவுல ஒருத்தன் சொன்னான், கோடைக்கானல்காரன் ஒருத்தனக் காய்ச்சல்ல தூக்கிட்டுப் போனாக, திரும்பலைன்னு. நான் கண்ணால பாக்கல. நாப்பத்தாறு தை மாசம் அடுக்கம் ஏறி வாரேன், மேல பாத முடியுற எடத்துல ஒங்க அம்மா தம்பிய இடுப்புல வச்சுக்கிட்டு நிக்கிறா. பட்டாளத்து ஆளுக வாராகன்னு யாரோ சொல்லியிருக்கான். 'அண்ணே, அவுக வாராகளா'ன்னு கேட்டா. நான் பாக்காத சாவ எப்படித்தா சொல்ல? உசிரோட இருக்காருன்னு சொல்லிட்டேன். 'அப்ப ஏன் வரல'ன்னா. வாயில வந்ததச் சொன்னேன். கோவப்பட்டாலும் பரவால்ல, ரெண்டு பிள்ளையும் வளத்துருவா, அழுதா படுத்துருவான்னு நெனச்சேன்."

"அத ஊரு டீக்கடையில போய்ச் சொன்னது யாரு?"

"நாந்தேன். அவகிட்ட ஒண்ணு, ஊருக்கு ஒண்ணு சொல்ல முடியுமா? ஊரு இப்படி நாக்கப் போட்டுக் கடையும்னு நான் கண்டேனா? பெறவு எப்படித் திருப்பி எடுக்க? நானும் ஒவ்வொரு வருசமும் சொல்லிரணும்னுதேன் நெனச்சேன். ஒவ்வொரு வருசமும் மொதப் பேரிக்காக் கூடைய ஒங்கிட்டக் குடுத்து விட்டுருவா. அதத் தின்னுட்டு எப்படிச் சொல்ல?"

உனக்கு நினைவிருக்கும். முதல் பறிப்புப் பேரிக்காய் சாமியாருக்குக்கூடக் கிடையாது, சின்னச்சாமி மாமாவுக்குத்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கிப் போவேன். நம்மை ஊரில் தலைகுனிய வைத்தவனுக்கு ஏன் கூடை என்று கேட்டால், "மலையேறி வந்து சேதி சொன்ன மனுசன்" என்பாள்.

"அன்னைக்கு அம்மா என்னா சொன்னா மாமா?"

"என் மொகத்தையே பாத்தா. 'சரிண்ணே, ஏறி வந்த களைப்பா இருக்கும், வீட்டுக்கு வாங்க, காப்பித் தண்ணி குடிச்சுட்டுப் போங்க'ன்னா."

நீ டிக்பாயில் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே கீழே உட்கார்ந்து பூண்டைப் பொறுக்கிக் கொடுத்தேன். வேறு என்ன செய்ய? ஒரு பல்லு அவர் செருப்புக்குள் போய்விட்டது. இருவரும் சேர்ந்து தேடினோம். எழுந்து வரும்போது, "டிக்பாயில கல்லு வச்சு எழுதியிருக்காமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்ல எழுத்தா?" என்றார். நல்ல எழுத்து என்றேன்.

அம்மா சிலுவையில் பெயர் போடலாம். நீ கேட்டாய் என்பதற்காக இல்லை, எனக்கே மனசு வந்ததால். எப்படிப் போடுவது என்று நீ சொல்.

தெரசம்மாள்


தின்சுகியா
30.9.1980

அக்கா,

உன் கடிதத்தை ஜோசப்பினுக்கு வாசித்துக் காட்டினேன். கூடையை எத்திய இடத்தில் கை தட்டினாள். பொறுக்கின இடத்தில் அழுதாள்.

சின்னச்சாமி மாமாமேல் எனக்குக் கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. பதின்மூன்று வருசம் நான் உயிரோடு ஒரு அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்தப் பொய் இல்லாவிட்டால் அந்த அப்பா எனக்கு இல்லை. மார்கரீட்டாவில் அந்தத் தெலுங்குக்காரர் பின்னால் நடந்த இரண்டு மைலும் நான் சந்தோஷமாகத்தான் நடந்தேன்.

பெயர் இப்படிப் போடு: கித்தேரியம்மாள், பரமானந்தத்தின் மனைவி. இங்கே புத்தகத்தில் அவர் அவளுடைய கணவர். அங்கே சிமெண்டில் அவள் அவருடைய மனைவி. தெரசம்மாள், மனுவேல் வேண்டாம். நாம் இருக்கிறோமே.

நவம்பருக்கு லீவு கிடைக்கவில்லை, ரயிலையும் நம்ப முடியாது. கல்லறைத் திருநாளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டிக்பாய் போகிறேன். நீங்கள் அங்கே மெழுகுவத்தி ஏற்றுகிற நேரம் நாங்கள் இங்கே ஏற்றுகிறோம். சாயங்காலம் நாலு மணி என்று வைத்துக்கொள். அங்கே வெயில் இருக்கும், இங்கே அதற்குள் பொழுது சாயத் தொடங்கியிருக்கும்.

மனுவேல்


வில்பட்டி
3.11.1980

பிளம்சு,

நேற்று எல்லாம் நல்லபடி நடந்தது. மழை இரண்டு நாளாக அடித்து, நேற்று மதியம் நமக்காகவே விட்ட மாதிரி விட்டது.

சிலுவையைப் போன மாதமே ஊற்றிவிட்டோம். குருநாதன் ஆணியை எடுத்துக் குனிந்தார். "நான் எழுதுறேன்" என்றேன். "ஒங்களுக்கு எழுத வருமாம்மா?" என்றார். "மூணாப்பு படிச்சிருக்கேன்ல" என்று வாங்கிக்கொண்டேன். கித்தேரியம்மாள் அழகாக வந்தது. பரமானந்தத்தின் என்பதைக் கொஞ்சம் பெரிசாக எழுதிவிட்டேன் போல, மனைவிக்கு இடம் பற்றவில்லை. ஓரத்தில் நெருக்கிக் கீழே வளைத்து முடித்திருக்கிறேன். குருநாதன் அழித்துவிட்டு வேறு எழுதலாம், ஈரம் இருக்கிறது என்றார். வேண்டாம் என்றேன். பார்க்கிறவர்கள் எல்லாம் கொஞ்சம் குனிந்து தலையைச் சாய்த்துத்தான் கடைசி எழுத்தை வாசிக்கிறார்கள். குழாயடி ஆட்களில் மிச்சம் இருப்பவர்கள் நேற்று வந்தார்கள். அவர்களும் குனிந்தார்கள். எனக்கு மனசுக்கு நிறைவாக இருந்தது, பொய் சொல்லவில்லை.

சின்னச்சாமி மாமாவை உன் மச்சான் லாரியில் உட்காரவைத்துக் கூட்டி வந்தார். கண் சரியாகத் தெரியாததால் சிலுவையைக் கையால் தடவி எழுத்தெழுத்தாக வாசித்தார். "பேரு ஆழமா எழுதியிருக்கத்தா" என்றார். இந்த வருசப் பேரிக்காய்க் கூடையை நான் அவருக்கு ஆகஸ்டில் அனுப்பவில்லை. நேற்றுக் கொடுத்தேன். மழைக்காய், இனிப்பு கம்மி. அங்கேயே ஒன்றைக் கடித்துக்கொண்டு வந்தார்.

நாலு மணிக்கு மெழுகுவத்தி ஏற்றினேன். நீங்களும் ஏற்றியிருப்பீர்கள். அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. இரண்டையும் வைத்துவிட்டு நிமிரும்போதுதான் எனக்குச் சட்டென்று நினைவு வந்தது, பிளம்சு. அம்மா ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் தன் அப்பா அம்மா குழிமேட்டில் மூன்று மெழுகுவத்தி ஏற்றுவாள். இரண்டு அவர்களுக்கு. மூன்றாவதைத் தள்ளி, மேட்டின் ஓரத்தில், கிழக்கே பார்த்து ஊன்றுவாள். யாருக்கும்மா என்று ஒருமுறை கேட்டேன். "ஆளில்லாம கெடக்குறவுகளுக்கு" என்றாள். நானும் ஏதோ புண்ணியத்துக்குச் செய்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

அப்பா உயிரோடு இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறதடா. குழாயடியில் அவ்வளவு பேச்சையும் கேட்டுக்கொண்டு, குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே தாலியோடு இருந்தாள், தெரிந்துகொண்டே கூடை அனுப்பினாள். அது எனக்கு வருத்தமாக இல்லை. அவள் ஏமாந்து நிற்கவில்லை என்பதே எனக்குப் போதும். நேற்று வீட்டுக்கு வந்து, சுடச்சுடச் சோறு தின்று, நன்றாகத் தூங்கினேன்.

காலையில் எழுந்ததும் ஒன்றுதான் உறுத்துகிறது. உன் வலதுகைச் சுண்டுவிரலில் அந்தத் தழும்பு இருக்கிறதே, அது அந்த மூன்றாவது மெழுகுவத்தியைப் பிடுங்கப் போய்ச் சுட்டுக்கொண்டது. அம்மா வைத்ததைப் போய்ப் பிடுங்கினாயே என்று நான் உன் முதுகில் ஒன்று போட்டேன். அது எந்த வருசக் கல்லறைத் திருநாள் என்று நானும் யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடவில்லை. உனக்கு மூன்றரை வயசு என்றால் சின்னச்சாமி மாமா வந்து போன பிறகு. அவர் முகத்தைப் பார்த்து அவள் கண்டுபிடித்திருக்கிறாள். இரண்டரை வயசு என்றால் அவர் வருவதற்கு முந்தின வருசம். அப்படியானால் எல்லாம் தெரிந்துகொண்டேதான் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அடுக்கம் பாதை ஏறி முடிகிற இடத்தில் போய் நின்றிருக்கிறாள். உன் விரலைப் பார்த்துச் சொல்லடா, அன்றைக்கு உனக்கு இரண்டரை வயசா, மூன்றரை வயசா?